கமருன்னிஸா வீட்டு விருந்தாளி

இந்திய சர்க்காருக்குத் தெரிந்த மனுஷர்கள் இரண்டே வகை. ஒன்று இந்தியர், இன்னொன்று வெளிநாட்டவர். இரண்டிலும் ஒவ்வொரு கால் வைத்துக்கொண்டு நிற்க யாருக்கும் அனுமதி கிடையாது. முத்துப்பேட்டைக்குக் கிழக்கே கோரையாற்றங்கரையில் பிறந்து, அதே ஆற்றில் முங்கி, அங்கேயே ஓதி வளர்ந்த காதர் மைதீன், அறுபத்திரண்டாம் வயதில் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது, மேற்படி இரண்டாவது வகையைச் சேர்ந்தவராக இருந்தார்.

பாவம், மனுஷர் ஒன்றும் இந்தியாவோடு கோபித்துக்கொண்டு போகவில்லை. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் உத்தியோகம். "குடிமகனா இருந்தா வேலை, இல்லேன்னா கப்பல்" என்று அந்த ஊர் சர்க்கார் ஒருநாள் சொல்லிவிட்டது. இங்கே மனைவி கமருன்னிஸாவும் மூன்று பிள்ளைகளும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாளெல்லாம் சேர்த்தால் மூன்று வருஷம் தேறாது. மிச்ச நாளையாவது அவள் பக்கத்தில் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. விசாவோ அந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது.

மாவட்டத் தலைநகரில் வெளிநாட்டவர் பதிவுப் பிரிவு என்று ஓர் அறை. ஆட்சி மாறும்போதெல்லாம் அந்த அறைச் சுவரில் படம் மாறும். ஆணி மாறாது. ஆணிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் துரைராசுவும் மாறவில்லை.

"ரெண்டு நாட்டுக் குடியுரிமையும் வெச்சுக்க வழி இல்லையா சார்?" என்று காதர் மைதீன் பணிவாகக் கேட்டார்.

"பாய், ரெண்டு ரேஷன் கார்டு வெச்சிருந்தாலே குத்தம். நீங்க ரெண்டு நாடு கேக்குறீங்களே!" என்றார் துரைராசு. அவர் வீட்டில் மூன்று கார்டு இருந்தது.

"சரிங்க சார். விசாவையாவது நீட்டிச்சுக் குடுங்க."

"எங்க தங்கியிருக்கீங்க?"

"எங்க வீட்லதான்."

"உங்க வீடுன்னா? பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

காதர் மைதீன் தலையைச் சொறிந்தார். அவர்கள் தெருவில் வீடு என்றால் பெண்ணுக்குத்தான். பெண் பிறந்தால் வாப்பா மனை பார்க்க ஆரம்பிப்பார். மாப்பிள்ளை நிக்காஹ் முடித்து ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார். ஊரில் ஒரு ஆம்பிளை பேரிலும் வீடு கிடையாது. அதில் யாருக்கும் ஒரு குறைச்சலும் தோன்றியதில்லை.

"பத்திரம் என் வீட்டம்மா பேர்ல சார்."

துரைராசுவின் முகம் மலர்ந்தது. "அப்ப நீங்க விருந்தாளி. வெளிநாட்டு விருந்தாளி வந்து தங்கினா, வீட்டுக்காரங்க இருபத்துநாலு மணி நேரத்துல சி படிவம் குடுக்கணும். நீங்க வந்து அஞ்சு மாசமாச்சு. அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் கமருன்னிஸா வந்தாள். படிவம் லாட்ஜுக்காரர்களுக்காக அச்சடித்தது. விடுதியின் பெயர் என்ன, அறை எண் என்ன, வந்த நோக்கம் என்ன என்று ஒவ்வொன்றாகத் துரைராசு கேட்க, அவள் வேண்டாவெறுப்பாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கடைசியா ஒண்ணும்மா. இவர் எப்பக் கிளம்புறாரு?"

அவளுக்குச் சுரீர் என்றது. "என்ன கேள்வி இது? ஒவ்வொரு தடவையும் இவுக வந்து பெட்டியைத் தொறக்கங்குள்ள 'எப்ப மச்சான் பயணம்'னு கேட்டுக் கேட்டே எனக்கு மயிரு நரைச்சுப் போச்சு. இப்பதான் அந்தக் கேள்வி ஒழிஞ்சிச்சுன்னு இருக்கேன், நீங்க ஆரம்பிக்கிறீங்களா?"

"காலியா விடக் கூடாதும்மா."

"விடத்தான் செய்வேன்" என்று படிவத்தை அப்படியே தள்ளினாள். காதர் மைதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸில் அழுவதற்கு அனுமதி உண்டா என்று தெரியாததால் துண்டால் மூக்கைச் சிந்துவதுபோல் சமாளித்தார்.

துரைராசு சட்டத்தை நூல் பிசகாமல் தொடர்ந்தார். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் இடம் விடுதி ஆகும். விடுதிக்குப் பலகை வேண்டும். ஆகவே அவர் சொன்ன வாசகப்படியே வாசலில் 'கமருன்னிஸா தங்கும் விடுதி, வெளிநாட்டவருக்கு மட்டும்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதிய பலகை தொங்கிற்று. படுக்கும் அறைக்கு ஒன்று என்று நம்பர் போட்டார்கள். வாரம் ஒருமுறை ஒரு போலீஸ்காரர் வந்து, விருந்தாளி இருக்கிறாரா என்று பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார். கமருன்னிஸாவும் விடவில்லை. "விருந்தாளிக்கு அடுப்படியில என்ன வேலை? ஒண்ணாம் நம்பருக்குப் போங்க" என்று மச்சானை விரட்டி விளையாடினாள்.

ஆனால் முப்பதாம் தேதி நெருங்கிக்கொண்டே இருந்தது. "விருந்தாளி எத்தனை நாள்தான் தங்குறது? அதுக்கு விதி இல்லையே பாய்" என்றார் துரைராசு. வீட்டைத் தன் பேருக்கு மாற்றினால் விருந்தாளிப் பட்டம் போகுமா என்று காதர் மைதீன் கேட்டுப் பார்த்தார். வெளிநாட்டவர் பேரில் பத்திரம் பதிய அவர் ஏழு அனுமதி வாங்க வேண்டும், அதற்குள் ஏழு முறை கப்பல் ஏற்றிவிடுவோம் என்று பதில் வந்தது. அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பினாங்கில் இனி அவருக்கென்று யார் இருக்கிறார்கள்?

விதி இல்லாத இடத்தில் விதி வேண்டும் என்று, பதினான்கு பக்கத்தில் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார் துரைராசு. அதிசயமாகப் பத்தே நாளில் ஆணை வந்தது:

"பார்வையில் காணும் கடிதத்தின்மீது தங்கள் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது. மனைவியின் பெயரிலுள்ள வீட்டில் வசிக்கும் கணவர் எவராயினும், சமத்துவ நோக்கில், நாட்டு வேறுபாடு கருதாது, விருந்தினர் எனக் கொள்ளப்படுவார். உரிமையாளரின் ஆட்சேபணையின்மைச் சான்று பெற்றோர் காலவரம்பின்றித் தங்கலாம். ஏனையோர் முப்பதாம் தேதிக்குள் காலி செய்க."

'எவராயினும்' என்ற சொல்லைச் சென்னையில் எந்தப் புண்ணியவான் சேர்த்தாரோ! நில உச்சவரம்புச் சட்டம் வந்து, வயலில் செங்கொடி நட்ட நாளிலிருந்து, டெல்டாவில் புத்தியுள்ள ஆம்பிளை எவன் தன் பேரில் சொத்து வைத்திருக்கிறான்? மிராசுதாரின் வேலிக்கணக்கான நிலமும் சீதனம் என்று மனைவி பேரில். கட்சிக்காரரின் மாடிவீடு மனைவி பேரில். இந்த அறைக்கு வருமுன் நிலச் சீர்திருத்தப் பிரிவில் பத்து வருஷம் இருந்து, ஊரார் செய்த தில்லுமுல்லையெல்லாம் கண்டுபிடித்த துரைராசு, கண்டுபிடித்ததை வீணாக்காமல், வீடு, தோப்பு, ஆறு மா நஞ்சை அத்தனையும் மனைவி மங்களாம்பிகை பேரில் எழுதியிருந்தார்.

கமருன்னிஸா அன்றே சான்று எழுதிக் கொடுத்தாள். "இவர் என் வீட்டில் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இத்தனை வருஷம் இல்லாமல் போனதில்தான் ஆட்சேபணை இருந்தது. அதை எந்த ஆபீஸிலும் கேட்கவில்லை." துரைராசு அதைப் படித்தார், இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார், வேறு வழியில்லாமல் முத்திரை குத்தினார். காதர் மைதீனுக்கு உயிர் வந்தது.

மற்ற வீடுகளில் கதை வேறு. மிராசுதார் வீட்டு அம்மாள் கோயிலுக்குப் போய் வந்து சொல்கிறேன் என்றாளாம், இன்னும் கோயிலில்தான் இருக்கிறாளாம். மங்களாம்பிகையிடம் துரைராசு வெள்ளைத் தாளும் பேனாவும் நீட்டினார்.

"என்ன அவசரம்? முப்பது வருஷமா காபி சரியில்லேன்னு சொன்னீங்க. கொஞ்சம் யோசிக்கணும்ல?" என்றாள் அவள்.

முப்பதாம் தேதி சாயங்காலம் காதர் மைதீன் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் துரைராசு வந்தார். கையில் ஒரு பை, அக்குளில் தலையணை.

"பாய், வீட்ல இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்காங்க. ஆர்டரைக் கேட்டு வாங்கினவனே மீறினா நல்லாருக்காது. ஒரு ரெண்டு நாளைக்கு உங்க விடுதியில…"

காதர் மைதீனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொல்ல என்ன இருக்கிறது? உள்ளே திரும்பிப் பார்த்தார். கமருன்னிஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வாங்க சார். பாஸ்போர்ட் எந்த நாடு?"

"என்னம்மா நீங்க! நான் இந்தியன்மா, சுத்தமான இந்தியன்!"

"அப்ப இடமில்லையே சார்" என்றாள் அவள், நிஜமாகவே வருத்தப்பட்டு. "வெளிநாட்டவருக்கு மட்டும்னு நீங்கதானே எழுதச் சொன்னீங்க."