பருத்தி பொய் சொல்லாது

மதுரையில் மீனாட்சியம்மனுக்கு அடுத்தபடியாக அதிகக் கும்பிடு வாங்கியவர் யாரென்று கேட்டால், திருநகர் மெக்கானிக் வெள்ளைச்சட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் காருக்கு ஆயில் மாற்றிய ஒரே ஜீவன் இந்தப் பூமியில் அவர்தான். அவருடைய நிஜப் பெயர் பட்டறைப் பலகையிலேயே கிடையாது.

ஆள் பாதி ஆடை பாதி என்பது மற்ற ஊர்க் கணக்கு. எங்கள் ஊரில் சட்டை வெள்ளையாக இருந்தால் போதும், உள்ளே ஆளே தேவையில்லை. அவர் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். ஒரு பெரியவர் பட்டறைக்கே வந்து, தெருவிளக்கு எரியவில்லை என்று மனுவை நீட்டினார். இவரும் வாங்கிப் படித்துவிட்டு, "பல்பா, வயரான்னு பாத்தீகளா?" என்று விசாரித்து, தெரிந்த எலெக்ட்ரீசியனை அனுப்பி மறுநாளே எரிய வைத்துவிட்டார். அந்த வார்டு கவுன்சிலர் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

என்னை அவரிடம் கொண்டு சேர்த்தது என் கார். ஒரு ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு என் இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாது. தல்லாகுளத்திலிருந்து திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போக, கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தேன். பதினெட்டு வயசு வண்டி. திடீரென்று ஒருநாள் அது கியரில் போட்டால் கொஞ்சம் யோசித்து, ஓர் உதறு உதறி, அப்புறம் நகர ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முனகியது. திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றது.

என் அண்ணனுக்கு இது போதாதா? "வித்துப்புடு. நான் கொண்டுபோய் விடுறேன்" என்றான். அவன் விடுகிற அழகு எனக்குத் தெரியும். ஒன்பது மணிப் பள்ளிக்குப் பத்து மணிக்குப் போய் நிற்க வேண்டும், வழியெல்லாம் 'உனக்கு எதுக்கு இந்தப் பாடு' என்ற உபதேசத்தையும் கேட்க வேண்டும். அந்த வண்டிதான் எனக்கு இடது கால். மெக்கானிக்குகளோ பேனட்டைத் திறந்து, துக்க வீட்டில் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மூடினார்கள். "இம்புட்டு வருசமா மாத்தாத கியர் ஆயில இப்ப மாத்துனா கியர் பெட்டி ஊத்திக்கும் டீச்சர்" என்று கைவிரித்தார்கள்.

வெள்ளைச்சட்டை கைவிரிக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கியர் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் இருந்த சொட்டை எடுத்துத் தன் நெஞ்சில், பளபளவென்ற சட்டைமேல், பொட்டாக வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, அண்ணே!" என்று அலறிவிட்டேன்.

"ஆயிலத் தொட்டு வெச்சா பேப்பர் பொய் சொல்லும் டீச்சர். பருத்தி சொல்லாது. பெறகு எதுக்கு வெள்ளை போடுறேன்னு நெனச்சீக?" என்றவர், சட்டையை இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார், மோந்தார். "செகப்பா இருக்கணும். கருகிப் போயி கெடக்கு. எப்ப மாத்துனீக?"

"மாத்தணும்னு எனக்கு யாருமே சொல்லலண்ணே."

"சோறு போடணும்னு யாராச்சும் சொல்லித்தான் புள்ள வளத்தீகளா?"

பொட்டுக்குக் கீழே பேனாவால் என் வண்டி நம்பரை எழுதிக்கொண்டார். கியர் ஆயிலுக்கு நெஞ்சு, ஸ்டியரிங் ஆயிலுக்கு வலது கை. நிறைந்துபோன சட்டைகளைத் துவைக்காமல் பீரோவில் அடுக்கி வைப்பார். "ஏஞ் சீலைய வைக்க எடமில்ல டீச்சர்" என்று அவர் மனைவி என்னிடம் கண்கலங்கியிருக்கிறார்.

"பழைய வண்டி டீச்சர். ஒரேயடியா மாத்துனா தாங்காது. மூணு தவணையா மாத்துவோம்" என்றார். அடியில் திறந்தால் பாதி ஆயில்கூட வராது. வந்ததை அளந்து, அதே அளவு புதுசு ஊற்றி, ஒரு வாரம் ஓட்டச் சொல்வார். ஸ்டியரிங்குக்கு, மாட்டாஸ்பத்திரி ஊசி ஒன்றால் டப்பாவிலிருந்த கறுப்பை உறிஞ்சிவிட்டு, புதுசு ஊற்றி, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்து, என்னை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்வார். மறுபடி உறிஞ்சல், மறுபடி திருப்பல். ஸ்கூல் டிரில்லில்கூட நான் இப்படி வியர்த்ததில்லை.

மூன்றாம் தவணை முடிந்ததும், "நல்லா ஓடி, சூட்டோட பாக்கணும். உங்க பள்ளிக்கூடம் வரைக்கும் போவோம்" என்றார். அண்ணனும் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். "வழியில நின்னுச்சுன்னா இன்னைக்கே வித்துரணும், சரியா?" என்றான். ரோஷத்தில் நானும் சரி என்றுவிட்டேன்.

வண்டி நிற்கவில்லை. திருவாதவூர் எல்லையில் நாங்களாக நிறுத்தினோம். வெள்ளைச்சட்டை இறங்கியதுதான் தாமதம், டமடமவென்று கொட்டுச் சத்தம். அங்கே குடிதண்ணீர்த் தொட்டித் திறப்பு விழா. வர வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. காரிலிருந்து இவ்வளவு வெள்ளையாக ஒருவர் இறங்கினால் ஊர் என்ன செய்யும்? பேனட்டைத் தூக்கிக் கம்பியை உருவியவரின் தோளில் பொன்னாடை விழுந்தது. அவர் அதன் முனையில் கம்பியைத் துடைத்தார்.

"பாலியஸ்டரு. எண்ணெய் குடிக்காது" என்று பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கம்பியை மறுபடி விட்டு உருவி, நெஞ்சில் பொட்டு வைத்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நானும்தான்.

"செகப்பு, டீச்சர்! நல்ல செகப்பு!" என்று கத்தினார். எதற்கென்று தெரியாமலே கொட்டுக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். கையில் கத்தரிக்கோலைத் திணித்ததும், "எஞ்சின் ஓடுது, வெரசா விடுங்கப்பா" என்று ரிப்பனையும் வெட்டினார். குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "வாசர் சரியில்ல, மாத்துங்க" என்று சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டார். திரும்பும்போது நான் ஒரே விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அண்ணன் பார்க்கட்டும் என்றே.

போன ஆவணியில் வெள்ளைச்சட்டையின் மகளுக்குக் கல்யாணம். திருமங்கலம் ரோட்டு மண்டபத்துக்கு நானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றார். நெஞ்சில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. கீழே பேனாவில் என் வண்டி நம்பர்.

"புதுச் சட்டை எடுத்தது வீட்ல கெடக்கு டீச்சர்" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "பொண்ணு கலியாணத்துக்கு ராசியான சட்டைதான் போடுவேன்னு ஒரே அடம். டீச்சர் வண்டி ஓடுன சட்டையாம்ல!"

பந்தியில் கண்ணைத் துடைத்தபோது, பக்கத்து இலைக்காரரிடம் சாம்பாரில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.