டீசன்ட்டாகச் சாப்பிடப் போன கதை

மூணாப்பு தாண்டாதவள் என்றாலும், ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லை அது பிறந்த வீடு வரைக்கும் விசாரித்துத் தெரிந்துகொண்டவள் நான். (அந்த ஒன்றே போதும் போதும் என்றாகிவிட்டது.)

இலுப்பூரில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்த டீச்சரம்மா எதற்கெடுத்தாலும் "டீசன்ட்டா இருக்கணும்" என்பார். அப்படின்னா என்னங்க என்று கேட்டேன்.

"லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல 'தகும்'னு அர்த்தம். எடத்துக்குத் தகுந்தாப்புல நடக்குறதுதான் டீசன்ட். இப்ப, விருந்துக்குப் போனா பறக்கக் கூடாது. 'வேணாங்க'ன்னு சொல்லணும்."

லத்தீனை விட்டுவிட்டேன். 'வேணாங்க'வைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மாசமே என் தங்கைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் அன்னவாசல் போனோம். தங்கை அப்பா இல்லாத பிள்ளை. இரண்டு இடம் தட்டிப்போய் மூன்றாவதாக வந்த இடம். பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்து இலை போட்டார்கள். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம். சம்மதம் என்றால் நனைத்தே ஆகணும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு நான் டீசன்ட்.

சோறு வந்தது. "வேணாங்க." கோழிக்குழம்பு வந்தது. "வேணாங்க." (விடியற்காலையிலிருந்து பட்டினி.) இலைப்பக்கம் நீண்ட வீட்டுக்காரர் கையில் ஒரு கிள்ளு.

மாப்பிள்ளையின் அப்பா, மாற்ற வைத்திருந்த வெற்றிலைத் தட்டை உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். "கை நனைக்க மாட்டேங்கிறாக. பிடிக்கலேன்னா மொகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போகலாமுல்ல?"

"ஒன் டீசன்ட்டுல இடி விழ" என்று பல்லைக் கடித்தார் வீட்டுக்காரர்.

மாப்பிள்ளையின் அம்மாதான் கரண்டியோடு வந்து என் பக்கத்தில் குனிந்தார். "ஏத்தா, ஒனக்கு எங்க வீடு பிடிக்கலையா, இல்ல பசிக்கலையா? ஒண்ணச் சொல்லு."

"வீடு பிடிச்சிருக்கு அத்தை. பசியில உசுரு போகுது. டீசன்ட்டா இருக்கப் பாத்தேன்" என்று ஓவென்று அழுதேன்.

"அடி கிறுக்கி! இங்கிட்டு நகந்து உக்காந்து தின்னு. ஏங்க, அந்தத் தட்டக் கொண்டாங்க!"

மூன்று தடவை சோறு வாங்கினேன். அந்த மகராசி அப்படிக் கேட்டிராவிட்டால் என் தங்கை வாழ்வு என்னாகியிருக்கும்? இன்றைக்கு அவள் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அந்த அத்தையை நினைக்காமல் ஒரு நாளும் நான் சோற்றில் கை வைத்ததில்லை.

அந்தக் குடும்பத்தில் இப்போதும் எந்தக் கல்யாணப் பேச்சு என்றாலும் முதல் இலை எனக்குத்தான். நான் இரண்டாம் தடவை குழம்பு கேட்ட பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். இந்த வயசில் செரிக்குமா என்று ஒருத்தராவது கேட்கணுமே!