வேலை செய்யவில்லை என்பதற்கு ஆதாரம்

"இந்த வீட்ல மொரீன்னு ஒரு அம்மா இருக்காங்க. சரி. நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள் சொலாஞ்ச்.

டெரிக் குனிந்து தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இங்கதானே நிக்கிறேன்?"

"எனக்குத் தெரியுது. மாவட்ட ஆபீஸுக்குத் தெரியணுமே!"

பிரான்ஸின் பிரிட்டனி கடலோரத்தில் இருநூறு பேர் வாழும் அந்த ஊரின் மேயர் அலுவலகத்துக்கு சொலாஞ்ச்தான் எழுத்தர், டைப்பிஸ்ட், காப்பி போடுபவள் எல்லாம். டெரிக் எழுபத்திரண்டு வயது ஆங்கிலேயர். லீட்ஸ் நகரத்து பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய நீண்டகால விசாவில் இங்கே இருக்கிறார். இந்த முறை விண்ணப்பித்ததற்கு, 'நீங்கள் உண்மையிலேயே அங்கு வசிக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று பதில் வந்திருந்தது. கரண்ட், தண்ணீர், தொலைபேசி பில் எல்லாமே மனைவி மொரீன் பெயரில். மொரீன் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

"பேரை மாத்துங்கன்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"மாத்தத்தான் போன் பண்ணினேன். 'மொரீன்ங்கற பேரை எடுத்துடலாமா?'ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. வேணாம்னு போனை வெச்சுட்டேன்."

சொலாஞ்ச் பேனாவைத் தேடினாள்.

முப்பது வருடம், ஒவ்வொரு ஆகஸ்டிலும் டெரிக்கும் மொரீனும் கப்பலில் காரோடு வந்து இறங்குவார்கள். அப்போதெல்லாம் விசாவாவது மண்ணாங்கட்டியாவது! துறைமுகத்துக்காரன் வாயில் சிகரெட்டோடு பாஸ்போர்ட்டின் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, போ போ என்று கையை ஆட்டுவான். மொரீன் கார் கண்ணாடியை இறக்கி, உப்புக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, "வீட்டுக்கு வந்தாச்சு டெரிக்" என்பாள். பதினைந்து நாளைக்கு வாடகைக்கு எடுத்த வீட்டைத்தான் அப்படிச் சொல்வாள்! ஓய்வு பெற்றதும் அதே வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். அதற்குள் இங்கிலாந்து கோபித்துக்கொண்டு ஐரோப்பாவை விட்டுப் பிரிந்து போயிருந்தது. கையாட்டியவன் நின்ற இடத்தில் விண்ணப்பப் படிவம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மொரீன் இப்போது சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிறாள். அவளை விட்டுவிட்டு எங்கே போவது? டெரிக்கின் கவலை அது ஒன்றுதான்.

"கலங்காதீங்க. ஊர்க்காரங்ககிட்ட கடிதம் வாங்கிடலாம். 'இவர் இங்கதான் இருக்கார், நான் கண்ணால பாக்கறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா அதுக்கு மேல ஆதாரம் கிடையாது" என்றாள் சொலாஞ்ச்.

பன்னிரண்டு கடிதங்கள் சேர்ந்தன. பேக்கரி யானிக் மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். பிறர் தன்னைப் பற்றி எழுதியதைப் படிப்பது மரியாதையில்லை என்று டெரிக் அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டார். அங்கேதான் கெட்டது.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. அவர் வசிப்பது சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிட்டதாம். ஆனால் எந்த வேலையும் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு விசா வாங்கியவர், பதினாறு மாதத்தில் நாற்பத்தொரு சாமான்களைப் பழுது பார்த்திருப்பதாகக் கடிதங்கள் சொல்கின்றனவாம். விளக்கம் தேவை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"யோவ் யானிக்! என்னய்யா எழுதித் தொலைச்ச?" சொலாஞ்ச் பேக்கரிக்குள் பாய்ந்தாள்.

"உள்ளதைத்தான் எழுதினேன். என் மாவு மெஷினை நாலு தடவை சரிபண்ணினாரு. சர்ச் கடிகாரம், மேடம் லெ கொஃப்போட ரேடியோ, உன் சைக்கிள்... இவர் இல்லாட்டி ஊரே நின்னுடும்னு எழுதினேன். புகழ்ந்து எழுதறது ஒரு குத்தமா?"

அவன் சொன்னது பொய்யில்லை. மொரீன் போன புதிதில் டெரிக் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். லீட்ஸிலிருந்து மகள் வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பெட்டிகூடக் கட்டிவிட்டார். அந்த வாரம்தான் எண்பத்து நான்கு வயது மேடம் லெ கொஃப் தன் பழைய ரேடியோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, "இது திடீர்னு வாயை மூடிடுச்சு, பாருங்க" என்றார். ரேடியோ பேசியது. அடுத்த வாரம் யாரோ காப்பி மெஷின் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த வாரம் தையல் மெஷின்.

"இந்தக் கடல்காத்து என்ன அரி அரிக்குது பாருங்க! ஸ்க்ரூ எல்லாம் தானா கழண்டுக்குது" என்று டெரிக் அதிசயப்படுவார். பெட்டி எப்போது பிரிந்ததென்று அவருக்கே நினைவில்லை. விசிலடிக்கக்கூட ஆரம்பித்திருந்தார்.

"காசு வாங்கலைன்னு எழுதிட்டாப் போச்சு. காசு இல்லாட்டி அது வேலையே இல்ல" என்றான் யானிக்.

மறுபடி பன்னிரண்டு கடிதங்கள். டெரிக் சல்லிக்காசு தொட்டதில்லை, நாங்களாக அன்போடு கொடுக்கும் ரொட்டி, முட்டை, ஆப்பிள் மது, கிறிஸ்துமஸுக்கு ஒரு முழு வான்கோழி தவிர எதையும் வாங்கியதில்லை என்று உருகி எழுதினார்கள். பண்டமாகக் கொடுத்தாலும் கூலி கூலிதான், நேரில் வாருங்கள் என்று பதில் வந்தது.

சொலாஞ்ச் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "இப்படிப் பண்ணுவோம். வேலைன்னா பலன் இருக்கணும். இவர் தொட்டது எதுவுமே விளங்கலைன்னு எழுதுங்க!"

எழுதினார்கள். நேரில் கொடுக்க வேண்டிய கட்டு என்பதால் உறையை ஒட்டவில்லை. இந்த முறை டெரிக் படித்துவிட்டார். 'இவர் பார்த்த மெஷின் ஒருமுறைகூட ஒரு மாதம் தாங்கியதில்லை' என்று யானிக். 'முன்பு இரண்டு நிலையங்கள் எடுத்த ரேடியோ இப்போது இருமுகிறது' என்று மேடம் லெ கொஃப்.

உன் கை பட்டால் கல்லும் ஓடும் டெரிக் என்று மொரீன் சொல்வாள். நடுவழியில் நின்ற காருக்குள் குளிரில் நடுங்கிக்கொண்டே சொல்வாள்.

"சும்மா எழுதினதுங்க! மனசுல வெச்சுக்காதீங்க" என்றான் யானிக்.

"சும்மாவா? நாலு தடவை கெட்டது நிஜம்தானே? நான் ஒழுங்கா செஞ்சிருந்தா ஏன்ப்பா மறுபடி கெடுது?"

யானிக் தொண்டையைச் செருமினான். சொலாஞ்ச் கூரையைப் பார்த்தாள்.

"நாப்பது வருஷம் பஸ் ஓட வெச்ச கை. போயிடுச்சு. நீங்கல்லாம் நல்லவங்க, முகத்துக்கு நேரா சொல்லலை. நாளைக்குப் போய் விசா வேணாம்னு எழுதிக் கொடுத்துடறேன். மகள் வீட்ல ஒரு மூலை இருக்கு." அவர் மூக்கைச் சிந்தினார்.

மறுநாள் தனியாகப் போகிறேன் என்று எவ்வளவோ சொன்னார். யார் கேட்டார்கள்? பேக்கரியைப் பூட்டிவிட்டு, ரொட்டி வேனில் ஏழு பேர் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

அதிகாரி ஒரு இளம்பெண். சொலாஞ்ச் நீட்டியதையும் சேர்த்து மூன்று கட்டுக் கடிதங்களையும் மேஜையில் பரப்பினாள். "முதல் கட்டுல இவர் இல்லாட்டி ஊரே நின்னுடும். மூணாவது கட்டுல இவர் தொட்டது விளங்காது. நான் எதைங்க நம்பறது?"

டெரிக் எழுந்தார். "மூணாவதை நம்புங்க மேடம். விண்ணப்பத்தை நான் திரும்ப வாங்கிக்கறேன்."

"உக்காருங்க ஐயா. எனக்கு ஒண்ணு புரியலை." அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "பதினாறு மாசம். இருநூறு பேர். நாற்பத்தொரு சாமான். ஒரு ஊர்ல எப்படிங்க இத்தனை கெட்டுப்போகும்? அப்படி என்னதான் பண்றீங்க அதையெல்லாம் வெச்சு?"

யானிக் தன் ஷூவை ஆராய்ந்தான். சொலாஞ்ச் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள். பின்வரிசையில் மேடம் லெ கொஃப் கைத்தடியை ஊன்றி எழுந்தார். சொலாஞ்ச் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "பெரியம்மா, உக்காருங்க, வேணாம்."

"விடுடி! எதுவும் தானா கெடலைம்மா, கை சும்மா இருந்தா இந்த மனுஷன் பெட்டியைத் தூக்கிடுவாருன்னு, வாரத்துக்கு ஒரு வீடா முறை போட்டு நாங்கதான் கெடுத்தோம்."