பண்டோங் நிறக் கார்

எனக்குப் பேச வராது. நாலு பேர் நடுவே உட்கார வைத்தால், பக்கத்தில் இருக்கும் எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவேன். மேசை இருந்தால் மேசை, கண்ணாடி இருந்தால் கண்ணாடி. என் கல்யாணத்தன்று மணவறையில் இருந்த குத்துவிளக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேன் என்று என் மனைவி செல்வி எல்லோரிடமும் சொல்வாள். (விளக்கு அப்போது எரிந்துகொண்டிருந்தது. துண்டு கருகிய கதையையும் சேர்த்தே சொல்வாள்.)

ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பிறகு பார்த்த வேலைகளில் எனக்குப் பொருந்தியது சிம்பாங் ரெங்கத்தில் கார் கழுவும் கடை வேலைதான். கார் எதுவும் கேட்காது, நாமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கழுவித் துடைத்த காருக்கு சீலண்ட் என்று ஒரு பூச்சுப் பூசுவோம். வெயிலும் மழையும் காக்கை எச்சமும் சாயத்தைக் கெடுக்காமல் அது காக்கும். அதை நான் கையால்தான் பூசுவேன். பஞ்சில் ஒரு துளி எடுத்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதைவிட மெல்லியதாகத் தடவி, பனி படர்ந்த மாதிரி காயவிட்டு, மெத்தென்ற துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு காருக்கு அரை நாள் ஓடிவிடும். என் சீன முதலாளி, "நீ இந்தக் காரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாயா?" என்று மலாயில் கேட்பார். அதற்கும் நான் பதில் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட என் வீட்டுக்கு, மகள் பிரேமாவைப் பெண் கேட்டு கெலாங் பாத்தாவிலிருந்து வந்தார்கள்.

பிரேமாவும் அந்தப் பையனும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். ஒருவருக்கு ஒருவரைப் பிடித்துப்போய்விட்டது. பையனுடைய அப்பா தனபாலன் சாதுவான மனிதர் என்று கேள்வி. சிக்கல் அம்மாவிடம்தான். அந்த அம்மாள் சகுனம் பார்ப்பார். மூத்த மகனுக்குப் பெண் பார்த்தபோது ஒரு வீட்டில் காப்பி கொட்டியது, இன்னொரு வீட்டில் வாசலில் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. இரண்டு இடத்திலும் பலகாரத்தைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாராம். பையனே இதைச் சொல்லி பிரேமாவை எச்சரித்திருந்தான்.

அன்று காலையில் பிரேமா வாசலில் இருந்த செருப்புகளையெல்லாம் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அப்பா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உக்காந்து சிரிங்க. அது போதும்."

"சரிம்மா."

"துணிய குடுங்க."

கையிலிருந்த துணியைக் கொடுத்தேன். (இன்னொன்று சட்டைப்பையில் இருந்தது.)

அவர்கள் வந்து இறங்கினார்கள். புத்தம் புதிய வெள்ளைக் கார். கோயிலில் வண்டிப் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்திருந்தார்கள். முன் மூடியின் நடுவில் பூசாரி ஒரு தட்டு அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமத்தை அள்ளி வைத்திருந்தார். கஞ்சத்தனம் பார்க்காத பூசாரி.

எல்லோரும் உள்ளே உட்கார்ந்தோம். நான் சிரித்தேன். தனபாலனும் சிரித்தார். மறுபடி நான் சிரித்தேன். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. தாடை வலிக்க ஆரம்பித்தபோது கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அதைப் பார்த்த செல்வியின் கண் என்னை எரித்தது. தப்பிக்க வேறு வழி தெரியாமல் வாயைத் திறந்தேன்.

"புது வண்டி... வர்ற வழியெல்லாம் செம்மண் தூசி. சீலண்ட் போட்டு விடவாங்க?"

அந்த வருஷத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். தனபாலன் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தார். அவர் மனைவி மட்டும் விரலை உயர்த்தினார்.

"போடுங்கண்ணே. ஆனா பொட்டு மட்டும் அழியக் கூடாது. கல்யாணம் பேச வந்த எடத்துல பொட்டு அழிஞ்சா என்ன அர்த்தம்? உங்களுக்குச் சொல்ல வேணாம்."

பிரேமாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் வெளியே ஓடினேன்.

ஈரத்துணியால் தூசியைத் துடைத்தேன். பொட்டைச் சுற்றி, விரல் நுனியால், கண்ணுக்கு மை எழுதுவது போல நகர்த்தினேன். ஒரு பொடிகூட உதிரவில்லை. அப்படியே கையால் தொடர்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அப்போது ரவி வந்தான். ரவி என் மச்சான், செல்வியின் தம்பி. சிங்கப்பூரில் வேலை. அங்கே எந்தப் பொருள் மலிவு விலைக்கு வந்தாலும் வாங்கிவிடுவான். அவன் மனைவி அதையெல்லாம் வீட்டுக்குள் விடமாட்டாள் என்பதால் எங்கள் வீட்டுச் சாமான் அறையில் கொண்டுவந்து போடுவான். தேங்காய் துருவும் மோட்டார், எவ்வளவு மிதித்தாலும் இடத்தை விட்டு நகராத உடற்பயிற்சி சைக்கிள், இப்படி நிறைய. அன்று அவன் கையில் ஒரு பாலிஷ் மெஷின் இருந்தது.

"என்ன மாமா, கையால தேய்க்கிறீங்க? இப்பிடித் தேச்சா அவங்க சாப்பிட்டு, கல்யாணம் முடிஞ்சு, பேரப்பிள்ளையும் பொறந்துடும் லா."

"கையே போதும்டா மச்சான். பொட்டு இருக்கு."

"பொட்ட சுத்திப் போங்க. மெஷின்னா கண்ணாடி மாதிரி நெளிவு இல்லாம வரும். மாப்பிள வீட்டுக்காரங்க வெளிய வந்ததும் கண்ணு கூசணும்."

கண் கூசணும் என்ற வார்த்தையில் விழுந்துவிட்டேன். நான் பேசி யாரையும் கவர்ந்ததில்லை. அந்தக் காராவது எனக்காகப் பேசட்டும் என்று நினைத்தேன்.

மெஷினின் வட்டப் பஞ்சில் சீலண்டை ஊற்றினேன். கையால் பூசும்போது ஒரு துளிதான் எடுப்பேன். மெஷின் பெரிதாக இருந்ததால் பெரிதாகவே ஊற்றினேன். பஞ்சைக் காரில் வைத்த பிறகுதான் பொத்தானை அமுக்க வேண்டும். இது பிறகு தெரிந்துகொண்ட விஷயம். நான் மெஷினை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து அமுக்கினேன்.

சீலண்ட் முழுவதும் பறந்து போனது. என் வேட்டி, போர்ச்சின் கூரை, மல்லிகைச் செடி, ரவியின் மூக்குக் கண்ணாடி, எதுவும் மிச்சமில்லை. ரவி கண் தெரியாமல், "பரவால்ல மாமா, முதல் தடவ அப்பிடித்தான்" என்று செடியைப் பார்த்துச் சொன்னான்.

மறுபடி ஊற்றினேன். இந்த முறை பஞ்சைக் கதவில் வைத்து அமுக்கினேன். ஆகா! வழுக்கிக்கொண்டு ஓடியது. இத்தனை வருஷம் தோள்பட்டையைத் தேய்த்தது வீண் என்று தோன்றியது. கதவுகள் முடிந்தன, பின்பக்கம் முடிந்தது. எனக்குள் ஏதோ ஒரு ராஜா புகுந்துவிட்டான். முன் மூடிக்கு வந்தேன். பொட்டைச் சுற்றி ஒரு பிரதட்சிணம். அழகாக வந்தது. இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இன்னொரு பிரதட்சிணம்.

மெஷினுக்குப் பக்தி கிடையாது. அது ஒரு பக்கமாக இழுத்தது. நான் எதிர்ப்பக்கம் இழுத்தேன். அது ஜெயித்தது.

ஒரு விர்ர். பொட்டைக் காணோம்.

அது இருந்த இடத்தில் வெள்ளை மூடி முழுக்க இளஞ்சிவப்புச் சுழல்கள். சந்தனமும் குங்குமமும் சீலண்டில் கரைந்து பஞ்சுக்குள் ஏறிவிட்டன. கையால் துடைக்கத் துடைக்கப் பக்கத்து இடமும் சிவந்தது. உள்ளே செல்வி, "இன்னும் ஒரு வடை வச்சிக்குங்க" என்பது கேட்டது. ஒரு வடை நேரம்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்த விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். ஒரு இடத்தில் மட்டும் சிவப்பாக இருந்தால் பார்ப்பவர்களுக்குத் தெரியும். கார் முழுக்க ஒரே நிறமாக இருந்துவிட்டால்?

"சரியா வருமா மச்சான்?"

"வரும் மாமா. புது வண்டிதானே, அவங்களே இன்னும் சரியா பாத்திருக்க மாட்டாங்க" என்றான், கண்ணாடி முழுக்க சீலண்ட் அப்பிய அந்தப் புத்திசாலி.

அதே பஞ்சோடு கார் முழுக்க ஓட்டினேன். எல்லோரும் வெளியே வந்தபோது எங்கள் போர்ச்சில் வெள்ளைக் கார் இல்லை. ரோஜா சிரப்பில் பாலை ஊற்றிக் கலக்கும் பண்டோங் நிறத்தில் ஒரு கார் பளபளவென்று நின்றது. அதன் பக்கத்தில் அதே நிறத்தில் நான்.

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தாள் செல்வி.

தனபாலன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "நம்ம வண்டி வேற எங்கயாச்சும் நிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். பிரேமா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு நடுங்கியது.

அந்த அம்மாள் முன் மூடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, பொட்டு எங்க?"

மன்னிப்புக் கேட்கலாம். மெஷின் மேல் பழி போடலாம். ரவி மேல் போட்டிருந்தால் ஊரே நம்பியிருக்கும். ஆனால் எனக்குப் பிரேமாவின் உதடு மட்டும் தெரிந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அழிக்கலீங்க... வண்டி முழுக்க வச்சிட்டேங்க."

 அந்த அம்மாள் படியிறங்கி காரை மெதுவாகச் சுற்றி வந்தார். ஒரு சுற்று முடிந்ததும் கதவில் விரலை வைத்து எடுத்தார். விரல் சிவந்திருந்தது. அதைக் கொண்டுபோய்த் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"சின்னப் பொட்டோட வந்தோம். வண்டி நெறைய பொட்டோட நிக்குது. அழிஞ்சாத்தான் தோஷம். இது பெருகியிருக்கே! இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?" என்று தன் கணவரைப் பார்த்தார். அவர் அவசரமாகத் தலையாட்டினார். "செல்வி, உள்ள வாங்க. தட்டு மாத்திக்குவோம்."

பிரேமா அழுதுகொண்டே சிரித்தாள். படியேறப் போன அந்த அம்மாள் திரும்பி, "ஆனா இந்தக் கலர்ல நான் ஹைவேயில வர மாட்டேன். தொடச்சி வெள்ளையாக்கிக் குடுங்கண்ணே. கையால!" என்றார்.

சாயங்காலம் வரை கையால் துடைத்தேன். தனபாலனும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். "உள்ள மண்டபம், மேளம், சாப்பாடுன்னு சண்ட நடக்குது. இங்கதான் நிம்மதி" என்றார். பக்கத்தில் ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வரும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. கார் வெள்ளையானது, விளக்கு ஓரத்தில் மட்டும் ஒரு கோடு கடைசி வரை போகவில்லை. அந்த அம்மாளின் நெற்றியில் இருந்ததும் போகவில்லை. சோப்புப் போட்டும் அடுத்த வெள்ளிக்கிழமை வரை இருந்ததாம். (நல்ல சீலண்ட். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.)

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் அன்றிலிருந்து தனபாலன் எங்கள் வீட்டுக்கு வந்தால் காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, மழையானாலும் குடை பிடித்து நடந்துதான் வருவார். எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் காரணம் தெரியும். அவர் குடையோடு தெருமுனையில் திரும்பினாலே, "உன் சம்பந்தி வராரு, மெஷின ஒளிச்சு வை" என்று கத்துவார்கள்.

போன வருஷம் அவர் காரை மாற்றினார். சிவப்பு. குங்குமத்தைக் குழைத்துப் பூசினாற்போல நல்ல சிவப்பு. முதல் தடவையாக நேராக எங்கள் போர்ச்சில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி, எல்லோரும் பார்க்க, சாவியை என் கையில் வைத்தார்.

"இப்ப போடுங்க சம்பந்தி. இனிமே ஒரு பயமும் இல்ல."

 "கையாலயா, மெஷின்லயா?" என்று கேட்டேன்.

 தனபாலன் சாவியைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.