எத்தனை லொறி பிடிப்பம்?

என் வாழ்க்கையில் ஒரேயொரு தடவை கொழும்பின் மிகப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவனாக இருந்திருக்கிறேன். மொத்தம் இருபது நிமிடம். அதற்குள் செத்துப்போன ஒருவரை உயிரோடு எழுப்பி, வளர்ந்த ஊரைத் தெரியாதென்று சொல்லி, கைக்கு எட்டியிருந்த வேலையையும் தொலைத்துவிட்டேன்.

பெரிய கணக்காய்வு நிறுவனங்களில் சேர நல்ல பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டுமா என்று பிள்ளைகள் இப்போதும் என்னிடம் கேட்பதுண்டு. (திருகோணமலை நகரத்தில் சின்னக் கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். மேசை மூன்று, ஃபேன் ஒன்று.) ஓம் என்று சொல்லவும் மனம் வராது, இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆகவே நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நான் படித்தது புல்மோட்டையில். அப்பாவுக்கு அங்கே கனிய மணல் தளத்தில் வேலை. கரையிலிருந்து அள்ளிவரும் கறுத்த மணலைக் குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு குவியலிலும் எத்தனை தொன் இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் அவருடைய வேலை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலத்தில் அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடித்தவன் நான்.

கணக்கியல் பரீட்சையின் முதல் கட்டங்களைச் சித்தியடைந்திருந்தபோது, கொழும்பின் பெரிய கணக்காய்வு நிறுவனமொன்று பயிலுநர்களை எடுக்கத் திருகோணமலைக்கே வருகிறது என்று கேள்விப்பட்டேன். நகரத்து ஹோட்டல் ஒன்றில் நேர்முகப் பரீட்சை. அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். அப்பா தன்னுடைய சப்பாத்தைத் தானே மினுக்கித் தந்தார். எனக்கோ ஒரே பயம், விண்ணப்பத்தில் இருந்த 'பாடசாலை' என்ற கட்டம்தான். எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் அடுத்த ஊர்க்காரரே "அது எங்க கிடக்கு?" என்று கேட்பார்கள்.

அந்தப் பயத்துக்கு மருந்து சொன்னவர் அத்தான், என் அக்காவின் கணவர். கொழும்பின் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர். (படித்து முடித்து உப்புவெளியில் நான்கு அறை கொண்ட விடுதி நடத்துகிறார் என்பதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.) அலுமாரியைத் திறந்து, கோடு போட்ட பழைய மாணவர் டையை எடுத்து என் கழுத்தில் கட்டினார்.

"பள்ளிக்கூடத்தின்ர பேரை எழுதாதை. விலாசம் எங்கட உப்புவெளி விலாசத்தைப் போடு. மிச்சத்தை டை கதைக்கும்."

டை உண்மையாகவே கதைத்தது. அறைக்குள் போனதும் மனேஜர் கதிரையை விட்டு எழும்பினார். ஐம்பது வயதிருக்கும், கொழும்புத் தமிழர். டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"அட, எங்கட ஆளா! இருங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

எனக்கு முன்னால் போன ஆறு பேரில் ஒருவருக்கும் தேநீர் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வாசலில் எண்ணிக்கொண்டுதானே இருந்தேன். அந்தக் கோப்பையைக் கையில் வாங்கியபோது நான் நினைத்தது, 'வேலை கிடைச்சிட்டுது' என்று.

"கன்டீன் ஐயா எப்பிடி இருக்கிறார்? அவரின்ர ரோல்ஸை மறக்கேலாது," என்றார்.

அத்தான் பள்ளிக்கூடப் பாட்டின் முதல் நான்கு வரி சொல்லித் தந்திருந்தார். கன்டீன் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நல்ல சுகமா இருக்கிறார் சேர். போன மாசமும் கண்டனான்."

மனேஜர் தன்னுடைய கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"சரி தம்பி. இங்க வடக்கால புல்மோட்டை எண்டு ஒரு இடம். போயிருக்கிறீரோ?"

'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டது எனக்கு உறைக்கவில்லை. கொழும்புப் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்குப் புல்மோட்டை எப்படித் தெரியும்?

"இல்லை சேர். கேள்விப்பட்டிருக்கிறன்."

"அங்க ஒரு பெரிய மணல் குவியல். எத்தனை தொன் எண்டு கணக்கில காட்டியிருக்கிறாங்கள். அது சரியோ பிழையோ எண்டு நீர் எப்பிடிப் பார்ப்பீர்?"

உலகத்திலுள்ள எல்லாக் கேள்விகளையும் விட்டுவிட்டு இந்தக் கேள்வி! அடியைச் சுற்றி நாடா பிடிக்க வேண்டும், உச்சிக்குக் கம்பு பிடித்து உயரம் பார்க்க வேண்டும், ஒரு வாளி மணலைத் தனியே நிறுக்க வேண்டும். கறுத்த மணல் சாதாரண மணலைவிடப் பாரம். மழை பெய்திருந்தால் ஈரத்துக்குக் கழிக்க வேண்டும். அத்தனையும் தொண்டை வரை வந்து நின்றது. சொன்னால் இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்பாரே! டை கழுத்தை இறுக்கியது.

"லொறியில ஏத்தி நிறுப்பன் சேர்."

"முழுக் குவியலையுமோ?"

"ஓம் சேர்."

"தம்பி, அது ஒரு சின்ன மலை."

"அப்ப... நிறைய லொறி பிடிப்பன் சேர்."

அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பஸ் பிந்தி அப்போதுதான் வந்து, தன் முறை என்று நினைத்து நுழைந்தவள், ஒரு கோப்பும் கையுமாக நஸ்ரின். பள்ளிக்கூடத்தில் எனக்கு முன் வரிசை வாங்கில் இருந்தவள்.

"நீயா? என்ன இது, டை எல்லாம் கட்டி மாப்பிள்ளை மாதிரி!"

மனேஜர் மெதுவாகக் கேட்டார். "உமக்கு இவரைத் தெரியுமோ?"

"தெரியாம என்ன சேர்? புல்மோட்டையில ஒரே வகுப்புல படிச்ச நாங்க. அங்க மணல் குவியல் எல்லாம் அளக்கிறது இவர்ட அப்பாதான்."

நிலம் பிளந்து என்னை விழுங்கவில்லை. (அந்த ஹோட்டலின் தரை நல்ல உறுதியான தரை.) மனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கன்டீன் ஐயா செத்துப்போய்க் கனகாலம் தம்பி. டையைக் கண்டதும் நான் சந்தோசப்பட்டது உண்மைதான், அது என்ர பிழை. ஆனா புல்மோட்டையான் எண்டு சொல்லியிருந்தால், இண்டைக்கு இங்க வந்த ஆக்களில உமக்குத்தான் இந்தக் கேள்வி லேசு."

அதே கேள்வியை நஸ்ரினிடமும் கேட்டாராம். அவள் எங்கள் வீட்டுக்கு வந்துபோன நாட்களில் அப்பா சொல்லக் கேட்டதை வைத்தே முக்கால்வாசி சொல்லிவிட்டாள். வேலை அவளுக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடத்தின் பெயரை மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தார்களாம், தேநீரும் கொடுக்கவில்லையாம். பிறகொரு பெருநாளுக்கு ஊருக்கு வந்தபோது, "டை உதவாது எண்டு மட்டும் ஆருக்கும் சொல்லிராத," என்றாள். "டைக்காரப் பிள்ளைகள் எல்லாம் வங்கிக் கணக்குப் பார்க்கப் போச்சு. என்னை ரெண்டு வருஷமா களஞ்சியத்துல சாக்கு எண்ண விட்டாங்க." இப்போது அவள் அங்கே மனேஜர். ஆனால் புதிதாக யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி இன்னமும் பள்ளிக்கூடம்தானாம்.

நேர்முகப் பரீட்சை நடந்த அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா படலையிலேயே நின்றார்.

"என்ன கேட்டவை?"

"மணல் குவியலை எப்பிடி அளக்கிறதெண்டு."

அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "எங்கட மணலையோ? கொழும்புக்காரரோ கேட்டவை? நீ என்ன சொன்னனீ?"

எல்லாவற்றையும் சொன்னேன். லொறிக்கு வந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். புல்மோட்டை தெரியாதென்று சொன்ன இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "ஓ," என்றார். பிறகு, "சாப்பிடு," என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வேலை போனதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த "ஓ" இன்னும் வலிக்கிறது.

அடுத்த கிழமையே அவர் அதை மறந்தார், அல்லது மறந்ததாகக் காட்டினார். லொறியை மட்டும் மறக்கவில்லை. அக்கா பெரிய மண்டபத்தில் பிறந்தநாள் கொண்டாட வேண்டும் என்றாலும், அத்தான் விடுதிக்கு மேல்மாடி கட்டப் போகிறேன் என்றாலும் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: "எத்தனை லொறி பிடிப்பம்?"

போன மாதம் என் மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கும் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நகரத்தில் பெயர்பெற்ற பள்ளிக்கூடம். கிட்ட இருக்கிறவர்களுக்குத்தான் முதலிடம். நாங்கள் இப்போது இருப்பதோ நிலாவெளிக்கும் அப்பால். நகரத்துக்குக் கிட்டவுள்ள அத்தானின் உப்புவெளி விலாசம் நினைவுக்கு வந்தது. பேனை அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது.

பின்னால் வந்து நின்ற அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அப்ப இந்த முறை எத்தனை லொறி?"

"என்ன லொறி அப்பப்பா?" என்று கேட்டாள் மகள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, டை கட்டிய இடத்திலிருந்து கதையைத் தொடங்கினார். கன்டீன் ஐயா உயிரோடு எழும்புவதற்குள் நான் எங்கள் சொந்த விலாசத்தை எழுதி முடித்துவிட்டேன்.

(பள்ளிக்கூடம் இன்னும் பதில் அனுப்பவில்லை.)