மாப்பிள்ளை மூடிய கோஸ் பாத்தி

இரண்டு பாத்தி முட்டைக்கோஸ் நாற்றைக் கொன்றவன் நான். மருந்து அடிக்கவில்லை, மாட்டை விட்டு மேய்க்கவில்லை. மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு அன்பாக மூடினேன், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமே இல்லை. (வெட்கப்பட வேண்டிய நேரத்தில் மாமனார் வீட்டில் யாரும் என்னை வெட்கப்பட விடவில்லை. வினையே அதுதான்.)

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. மேசை விரிப்புக்கும் குளியலறைத் திரைக்கும் போகிற பிளாஸ்டிக் ஷீட் தயாரிப்பார்கள். மாவு மாதிரி ஒரு தூளில் ஆயிலைக் கலந்து சூடு பண்ணி உருட்டினால் ஷீட் வரும். ஆயில் சேரச் சேர ஷீட் மெத்தென்று ஆகும். என் வேலை மூட்டையைத் தூக்கி மெஷினில் கொட்டுவது. பெண் பார்க்கப் போனபோது ‘டெக்னிக்கல் செக்‌ஷன்’ என்று சொல்லியிருந்தேன். கொட்டுவதிலும் டெக்னிக் இருக்கிறது, சந்தேகம் இருப்பவர்கள் கொட்டிப் பார்க்கலாம்.

மாமனார் வீடு நசரத்பேட்டையில். அவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர். அந்த வருஷம்தான் அதே நிலத்துக்காரரிடம் கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தன் பெயரில் பயிர் வைத்தார். வைத்தது கத்தரியோ வெண்டையோ அல்ல, முட்டைக்கோஸ். மலையில் விளைகிறது இங்கே எப்படி வரும் என்று ஊரே கேட்டது. கூலிக்காரனுக்கு எதற்கு இந்த ஆசை என்று நிலத்துக்காரர் வெளிப்படையாகவே சொன்னார். மார்கழிப் பனியில் செடி தேறி, தையில் கோஸ் உருண்டால் மாமா விவசாயி. இல்லையென்றால் மறுபடியும் அவர் நிலத்திலேயே கூலி.

இந்த நிலைமையில்தான் தலை தீபாவளிக்கு நான் போய் இறங்கினேன், கையில் ஒரு பெட்டி இனிப்பும் தோளில் ஒரு உருளை ஷீட்டுமாக.

நாற்று அப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்தது. மழை வருகிற மாதிரி இருக்கவே மாமா தென்னங்கீற்றை எடுத்துப் பாத்திமேல் பந்தல் போட ஆரம்பித்தார். நான் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே போய் நின்றேன்.

“கீத்தா? அதெல்லாம் அந்தக் காலம் மாமா. வெளிநாட்டுல பயிருக்கு பிளாஸ்டிக்லதான் வூடே கட்றான்.”

“பூந்தமல்லி கடைல வெள்ள பேப்பர் விக்கிறான் மாப்ளே. அத்த வாங்கினு வரட்டுமா?”

“அது பாலிதீன், சல்லிசு சரக்கு. இது எங்க கம்பெனி ஷீட்டு, கண்ணாடி மாறி உள்ள தெரியும். தொட்டுப் பாருங்க.”

மாமா தொட்டுப் பார்த்தார். அத்தை தொட்டுப் பார்த்தார். வீடு முழுக்கப் புது மழைக்கோட்டு வாசனை. மூங்கிலை வளைத்துக் கூண்டு கட்டி, ஷீட்டைப் போர்த்தி, நாலு பக்கமும் சேறு வைத்து அடைத்தேன். காற்றுகூடப் புகாது என்று பெருமையாகச் சொன்னேன். ஓரத்தில் நாலு முழத்துக்கு ஷீட் போதவில்லை. அந்த இடத்தை மட்டும், பெரிய மனது பண்ணி, கீற்றுக்கு விட்டுக்கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு போனேன். குருத்து இலைகள் வெளுத்திருந்தன. பச்சைக்கு நடுவே சோறு வடித்த மாதிரி வெள்ளை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் தலை தீபாவளி மாப்பிள்ளை என்றால் சாமிக்கு ஒரு படி கீழே. அவர் சோற்றில் தலைமுடி கிடந்தால் வீடே நடுங்கும். அவர் தலைமுடியே மற்றவர் சோற்றில் கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்கள். மாமா நாற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தையிடம் மாப்பிள்ளைக்குக் கறிக் குழம்பு வைக்கச் சொன்னார்.

நானும் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நோயைக் கண்டுபிடித்தேன். சத்துக் குறைவு. யூரியா கரைத்து ஊற்றச் சொன்னேன். சேறு ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்ததால் இன்னும் இறுக்கமாக அடைத்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி கலா ஆரம்பித்தாள்.

“எங்கப்பா உன்னாண்ட சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். அந்த ஷீட்ட எடுத்துடு.”

“எதுக்கு? தண்ணியே உள்ள பூராது. நோய் எப்டிப் பூரும்?”

“கீத்து போட்ட எடத்துல பச்சையாத்தான கீது. கண்ணு தெரியலியா?”

“அதெல்லாம் உனக்குப் புரியாது. டெக்னிக்கல்.”

(முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஒரு சொல்லுக்கு நான் இன்னும் தண்டனை அனுபவிக்கிறேன்.)

அவளிடம் வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, கீற்றடியில் பச்சை என்பது மண்டைக்குள் குடைந்தது. மறுநாள் கம்பெனியில் கலவைப் பிரிவு கெமிஸ்டிடம், யாரோ ஒரு நண்பர் செய்த மாதிரி, விஷயத்தைச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“நாத்து மேலயா? மூடியா? ஏய்யா, புது ஷீட்டு வாசனை எங்கேந்து வருதுன்னு நெனச்சே? ஆயில் உள்ளேயே உக்காந்துனு இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா காத்துல போகும். மேசை மூச்சு விடாது, அதுக்கு ஒண்ணும் ஆகல. செடி மூச்சு விடுதில்ல? அதுலயும் இளங்குருத்து. கோஸுன்னா தாங்கவே தாங்காது. யாரந்த அறிவாளி நண்பர்?”

அறிவாளி நண்பர் அன்றைக்கு மதியமே அரை நாள் லீவு போட்டார்.

நசரத்பேட்டையில் இறங்கியபோது வரப்பில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பாத்தியும் துவண்டு கிடந்தது. நடுவில் நிலத்துக்காரர், எதிரே மாமா தலையைக் குனிந்துகொண்டு.

“வெத சரியில்லீங்க” என்றார் மாமா.

“வெதய ஏன் கொற சொல்றே? கூலிக்கு நட்ற கைக்கு மொதலாளி வேலை வருமா? நெலத்த உட்டுட்டு வேலைக்கு வந்துடு.”

மாமாவுக்குத் தெரியும். கீற்றடியில் பச்சையாக நிற்பதை என்னைவிட முன்னால் பார்த்தவர் அவர். என் மானத்தைக் காப்பாற்றத் தன் நிலத்தை விடத் தயாராக நின்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, நிலத்துக்காரர் மேல் பாதி, என் மேல் மீதி. நேராகப் பாத்தியில் இறங்கி ஷீட்டைப் பிய்த்து எறிந்தேன். வெளுத்த நாற்று ஒன்று, கீற்றடியிலிருந்து பச்சை நாற்று ஒன்று, இரண்டையும் பிடுங்கி நிலத்துக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“ரெண்டும் அதே வெத. ரெண்டும் அவரு கை போட்டதுதான். வெள்ளையா கீறது நான் மூடினது. பச்சையா கீறது அவரு மூடினது. கோஸ கொன்னது நான். இன்னா பண்ணணுமோ என்னிய பண்ணு. அவரு கைய பத்திப் பேசாதே.”

வரப்பில் நின்றவர்கள் நாற்றை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். சேற்றில் முழங்கால் வரை நின்றுகொண்டு இரண்டு நாற்றோடு வீரம் பேசிய மாப்பிள்ளையைப் பார்த்து யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்? நிலத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பச்சை நாற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

அப்புறம் மாமா என் பக்கம் திரும்பினார்.

“அறிவு கீதாடா உனக்கு? பச்ச நாத்த மூச்சு முட்ட மூடிக்கினு, யூரியா வேற ஊத்தச் சொல்றே. கீத்தாம், அந்தக் காலமாம். ஒழுங்கா சேத்துலேந்து ஏறி வா, மீதி நாத்த எடுத்து நடு.”

வரப்போரம் நின்ற அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். மாமா மாப்பிள்ளையை ‘டா’ போட்டுவிட்டார். எனக்கோ, சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்றைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. ஏறிப் போய், அவர் காட்டிய இடத்தில், அவர் சொன்ன இடைவெளியில், திட்டு வாங்கிக்கொண்டே நட்டேன்.

நாலு முழத்து நாற்றில் தேறியது ஐம்பதோ அறுபதோ. தையில் உருண்டது. தேங்காய் அளவுதான், ஆனால் கோஸ். மாமா முதல் கோஸை அறுத்து நிலத்துக்காரர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷத்துக்கும் குத்தகை பேசிவிட்டு வந்தார். மறு வருஷம் கால் ஏக்கரும் கோஸ். நான் அறுவடைக்கு மட்டும் அழைக்கப்பட்டேன்.

இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் என் பெயர் கோஸ் மாப்பிள்ளை. கல்யாணப் பந்தியில் யாராவது குண்டானை மூடச் சொன்னால், ‘அவராண்ட குடுக்காதே’ என்று நாலு குரல் கேட்கும். கேட்கட்டும், எனக்கென்ன. நசரத்பேட்டையில் கோஸ் வராது என்று இப்போது ஒருவரும் சொல்வதில்லை. “இங்க கோஸு நல்லா வரும். மாப்ள வராம இருந்தா போதும்” என்றுதான் சொல்கிறார்கள்.