மூச்சைக் குறைத்த மோட்டார் அண்ணன்

மூச்சைக் குறைத்து நரம்பு நோயைக் குணமாக்கப் பார்த்த மனிதர் தஞ்சாவூரில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. வலங்கைமான் பக்கம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். அதனால் வார்டு முழுக்க அவர் மோட்டார் அண்ணன்.

போன குறுவைச் சமயத்தில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றின் நரம்பு வார்டில் ஐந்து நாள் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். இருவருக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். இருவருக்கும் தினமும் ஸ்டீராய்டு டிரிப். அவருக்குக் கால்கள் தடுமாறின. எனக்கு வலது கை மரத்திருந்தது. எட்டு மாத மகளைக் கீழே போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அவளைத் தூக்கியே பத்து நாளாகியிருந்தது. டிரிப் முடிந்து எவ்வளவு நேரம் கழித்துப் பால் கொடுக்கலாம் என்று நர்ஸிடம் மூன்று முறை கேட்டு, எழுதியும் வைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி, அந்த சிஸ்டர் நாளைக்கு லீவு போட்டா அதுக்கு நீதான் காரணம்" என்றார் அண்ணன்.

டாக்டர் வந்து அவருக்கு நோயை விளக்கினார். "உங்க எதிர்ப்பு சக்தியே நரம்போட மேலுறையை அரிக்குது. கூடவே ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரின்னு வச்சுக்குங்க."

"ஒயர்ல இன்சுலேஷன் போயிருச்சுங்கிறீங்க. துரு எதனால சார் வருது?"

"ஆக்சிஜனாலதான்."

"அப்ப நான் கொஞ்சம் மூச்சைக் குறைச்சுக்கட்டுமா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே போனார். அண்ணன் சிரிக்கவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்திருந்தார்.

"என்னண்ணே, முகமெல்லாம் செவந்து கெடக்கு?" என்றார் நர்ஸ்.

"துருவை நிறுத்திட்டிருக்கேம்மா."

அவரைப் பொறுத்தவரை ஸ்டீராய்டு என்பது காயிலின் இன்சுலேஷனுக்கு ஊற்றும் வார்னிஷ். வார்னிஷ் ஊற்றிய காயிலை வெயிலில் காயவைப்பது அவர் தொழில் வழக்கம். மூன்றாம் நாள் டிரிப் முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்பக்க வராந்தாவுக்குப் போய் உச்சி வெயிலில் உட்கார்ந்துவிட்டார். இந்த நோய்க்குச் சூடு ஆகாது. இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போய், சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார்.

"டிரிப் ஏத்துனாங்க தங்கச்சி, சூடேறுன மோட்டார் மாதிரி டிரிப் ஆயிட்டேன்."

ஐந்தாம் நாள் என் விரல்களில் உணர்ச்சி திரும்பியிருந்தது. "குழந்தையைத் தூக்கிப் பாருங்க" என்றார் டாக்டர். நிச்சயமாகத் தெரிந்தால் 'தூக்குங்க' என்றுதானே சொல்வார், 'பாருங்க' எதற்கு? கணவர் குழந்தையோடு எதிரே நிற்க, நான் கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிக்கொண்டிருந்தேன்.

"நின்னுக்கிட்டே எதுக்கு யோசிக்கிற?" அண்ணன் கட்டிலைப் பிடித்து மெல்ல இறங்கி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீயும் உக்காரு. இதுக்குக் கீழ விழ எடமில்ல."

உட்கார்ந்தேன். மகளை வாங்கினேன். வலது கை அவளைப் பிடித்துக்கொண்டது. அவள் ஸ்டீராய்டில் உப்பிய என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

"சரி, வீட்டுக்குக் கெளம்பு" என்ற அண்ணன், வாசல்வரை வந்து வழியனுப்பப் போகிறவர்போல எழப் பார்த்தார். முடியவில்லை. என் கணவரும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. உட்காரும்போதே அது அவருக்குத் தெரிந்திருக்கும்.